நூறும் நூறும் இருநூறா?

ஒரு குடும்பத்துக்கு இன்றியமையாதவை எவை என்று கேட்டால், அரிசி, பருப்பு, பால், மின்சாரம் என்று விரல் மடக்கிக்கொண்டே வரும் குடும்பத் தலைவி, ஐந்தாவது விரலுக்கு வரும்போது தயக்கமின்றி 'இணையம்' என்று சொல்லிவிடும் காலம் இது. அது இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று கேட்கக்கூடிய பெரியவர்கள் முன்பெல்லாம் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தேசம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகு அவர்களும் அந்தக் கேள்வியைக் கைவிட்டார்கள். அன்று முதல் கூடமே பலருக்குக் காரியாலயமாகவும், படுக்கையறையே வகுப்பாகவும், ஊஞ்சற் பலகையே வைத்தியரைக் காணும் இடமாகவும் ஆகிவிட்டன.

இவ்வளவு பாரமும் தெருக் கம்பத்திலிருந்து மாடிச் சுவரோரமாக இறங்கிவரும் ஒரு மெல்லிய கண்ணாடி இழையின்மேல் நிற்கிறது. அந்த இழை காலை பதினொரு மணிக்கு அறுந்து மாலை நாலு மணிக்கு ஒட்டப்பட்டது என்றால், அது பத்திரிகையில் போடத் தகுந்த செய்தி அன்று. ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் ஒருவருக்கு உத்தியோகத்துக்கான பேட்டி கைநழுவியிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதவேண்டிய பரீட்சையில் ஒரு பெண் பாதியில் நின்றிருக்கலாம். வீட்டிலிருந்தபடி மொழிபெயர்த்தோ கணக்கெழுதியோ பிழைப்பவருக்கு ஒரு நாள் ஊதியம் போயிருக்கலாம். இழப்பு வெளியே தெரியாது. வீட்டுக்குள் நன்றாகவே தெரியும்.

ஆகவே, 'இன்னொரு கம்பியும் வாங்கிப் போட்டால் என்ன?' என்னும் யோசனை அநேகம் வீடுகளில் எழுந்திருக்கிறது. யோசனை நல்லதே. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு இன்னோர் ஆசையும் வருகிறது. ஒரு கம்பியில் நொடிக்கு 100 மெகாபிட் வருகிறது. இன்னொன்றிலும் 100 வருகிறது. இரண்டையும் சேர்த்துவிட்டால் 200 வரவேண்டுமல்லவா? ஆரம்பப் பாடசாலைக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. எமது நண்பர் ஒருவர் இந்தக் கணக்கை நம்பி, இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு இணைப்புப் பெற்று, இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்படியான ரௌட்டர் ஒன்றையும் வாங்கிவந்து பூட்டினார். பூட்டி முடித்ததும் பெரிய கோப்பு ஒன்றை இறக்கிப் பார்த்தார். வேகம் 100-ஐத் தாண்டவில்லை. மறுநாள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். உண்மையில் கடைக்காரர் ஏமாற்றவில்லை, ரௌட்டரிலும் பழுதில்லை. கணக்குத்தான் வேறு.

தபால் கார்டுக் கணக்கு

இணையத்தின் வழியே ஒரு படமோ, கடிதமோ, பேச்சோ முழுசாக வருவதில்லை. அனுப்புகிற யந்திரம் அதைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் புறப்பட்ட விலாசம், சேரவேண்டிய விலாசம், வரிசைக் குறிப்பு ஆகியவற்றை எழுதிவிடுகிறது. ஒரு துண்டு சாதாரணமாக 1,500 பைட்டுக்கு மேற்படுவதில்லை. ஒரு நாவல் முழுவதையும் தபால் கார்டுகளில் எழுதி, ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டியில் போடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பெற்றுக்கொள்கிறவர், 'முப்பத்தேழாவது கார்டு வரையில் வந்து சேர்ந்தது' என்று பதில் போட்டுக்கொண்டிருப்பார். பதில் ஒழுங்காக வரும் வரையில் அனுப்புகிறவர் மேலும் மேலும் துரிதமாகக் கார்டுகளைத் தள்ளுவார். பதில் தடுமாறினால், 'வழியில் நெருக்கடி போலிருக்கிறது' என்று எண்ணிக் கையை மெதுவாக்கிக்கொள்வார். 1974-இல் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இரண்டு அமெரிக்க நிபுணர்கள் வெளியிட்ட திட்டத்திலிருந்து வளர்ந்த முறை இது, டி.சி.பி. என்பது அதன் பெயர். நெருக்கடி கண்டு கையை மெதுவாக்கும் நல்ல பழக்கத்தை 1988-இல் அதற்குக் கற்றுக்கொடுத்தவர் வான் ஜேக்கப்ஸன்.

இந்த முறையில் ஒரு சம்பாஷணை என்பது இன்ன விலாசத்துக்கும் இன்ன விலாசத்துக்கும் இடையே நடப்பது என்று முதலிலேயே நிச்சயமாகிவிடுகிறது. நடுவில் மாற்ற முடியாது. இரண்டு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கிய வீட்டுக்கு இரண்டு விலாசங்கள் ஏற்பட்டுவிடுகின்றன; கிழக்குத் தெருவில் ஒரு வாசலும் மேற்குத் தெருவில் ஒரு வாசலும் உள்ள வீடு போல என்று சொல்லலாம். இரண்டு வாசலும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்பது எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாது. கிழக்கு வாசலிலிருந்து ஒரு நாவலைக் கேட்டுவிட்டு, பாதியில் மேற்கு வாசலிலிருந்து 'மீதியை இங்கே கொடு' என்று குரல் கொடுத்தால், 'ஐயா, நீர் யார்?' என்றுதான் அவர் கேட்பார்.

ஆகவே, வீட்டிலுள்ள ரௌட்டர் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்கிறது. ஒவ்வொரு சம்பாஷணையையும் முழுசாக ஒரு கம்பியில் ஏற்றிவிடுகிறது. அடுத்த சம்பாஷணையை அடுத்த கம்பியில் ஏற்றுகிறது. நண்பர் இறக்கிப் பார்த்த கோப்பு ஒரே சம்பாஷணை. அது ஒரு கம்பியில்தான் வரும்; 100-க்கு மேல் வராது. அதே நேரத்தில் அவருடைய மகள் அடுத்த அறையில் வேறொரு கோப்பை இறக்கியிருந்தால், அதற்கும் தனியாக 100 கிடைத்திருக்கும். வீட்டுக்கு 200, ஆளுக்கு 100.

இதற்குப் பங்கிடுதல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். நாலு பேர் நாலு காரியம் பார்க்கும் வீட்டுக்கு இது வெகு பிரயோஜனமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஒரே கோப்பைப் பல துண்டாகக் கேட்டு ஒரே சமயத்தில் பல சம்பாஷணைகளைத் தொடங்கும் இறக்குமதிச் செயலிகள் சில உண்டு; அவற்றுக்கு இரண்டு கம்பியின் வேகமும் ஏறக்குறைய முழுசாகவே கிடைத்துவிடும். தொந்தரவும் ஒன்று உண்டு. பாங்கிக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கம் கிழக்கு வாசலிலிருந்தும் அடுத்த பக்கம் மேற்கு வாசலிலிருந்தும் கேட்கப்பட்டால், யாரோ திருடன் புகுந்துவிட்டான் என்று பயந்து பாங்கி தன் கதவைச் சாத்திவிடக் கூடும். பாங்கிக் காரியங்கள் எப்போதும் இன்ன கம்பியில்தான் போகவேண்டும் என்று ரௌட்டரில் ஒரு விதி எழுதி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை நிவர்த்தியாகிவிடும்.

மறுகரையின் சம்மதம்

ஒரே சம்பாஷணையை இரண்டு கம்பிகளிலும் பிரித்து அனுப்பி, நூறையும் நூறையும் நிஜமாகவே இருநூறாக்க வழியே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு. அதற்குப் பிணைத்தல் என்று சொல்வோம். இந்த ஆசை பிராட்பாண்டு பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது.

1995-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதி, சுதந்திரத் திருநாளன்று, விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் சர்க்கார் ஸ்தாபனம் பொது ஜனங்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அப்போது டெலிபோன் கம்பியில் கிடைத்த வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். மெகாபிட் அல்ல, கிலோபிட். 100 மெகாபிட் இணைப்பில் ஒரு நொடியில் வந்துவிடுவது அதில் வந்து சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். அதன் பிறகு மோடங்கள் வளர்ந்து 56 கிலோபிட் வரையில் எட்டின. அதற்கு மேல் டெலிபோன் கம்பி இடங்கொடுக்கவில்லை. மேல்நாடுகளில் அவசரக்காரர்கள் இரண்டு டெலிபோன் இணைப்பும் இரண்டு மோடமும் வாங்கி, இரண்டையும் பிணைத்து ஓட்டினார்கள். ஐ.எஸ்.டி.என். என்னும் இலக்க டெலிபோன் முறையில் ஒரு வீட்டுக்கே 64 கிலோபிட் வாய்க்கால்கள் இரண்டு கிடைத்தன, பிணைத்தால் 128.

இந்தப் பிணைப்புக்கு வேண்டிய விதிகளை 1994-இலேயே எழுதி, 1996-இல் திருத்தி வெளியிட்டார்கள். மல்டிலிங்க் என்று பெயர். விதி எளியதுதான். அனுப்பும் முனையில் ஒரு குமாஸ்தா, கார்டுகளுக்குப் புதிதாக ஒரு வரிசை எண் போட்டு, இரண்டு தபால்காரர்களிடமும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார். பெறும் முனையில் இன்னொரு குமாஸ்தா, இரண்டு பேரும் கொண்டுவந்ததை வாங்கி, வரிசைப்படி அடுக்கி உள்ளே அனுப்புகிறார். உள்ளே இருப்பவருக்கு இரண்டு தபால்காரர்கள் வந்தார்கள் என்பதே தெரியாது.

இரண்டாவது குமாஸ்தா இல்லாமல் முதல் குமாஸ்தாவினால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிணைப்பு என்பது ஆற்றின் இரு கரையிலும் நட்ட முளைகளில் கட்டவேண்டிய கயிறு. மறுகரையிலுள்ள கம்பெனி சம்மதித்து அங்கே ஒரு முளை அடித்துக்கொடுக்க வேண்டும். ஒரே கம்பெனியின் இரண்டு கம்பிகளானால் அந்தக் கம்பெனியைக் கேட்கலாம். ஒரு கம்பி ஒரு கம்பெனியுடையது, மற்றொன்று அதன் போட்டிக் கம்பெனியுடையது என்றால், மறுகரையில் முளை அடிக்க யாரைக் கேட்பது? எமது நண்பரின் ரௌட்டர் 200 தராததற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

ஜெர்மானிய கிராமங்களில்

மறுகரையிலுள்ள கம்பெனி தானாகவே முன்வந்து முளை அடித்துக் கொடுத்த கதை ஜெர்மனியில் நடந்தது. அது சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. அந்நாட்டில் பட்டணங்களுக்கு வெளியே பழைய செப்புக் கம்பிதான் வெகு காலம் ஆட்சி செலுத்தி வந்தது. செப்புக் கம்பியின் குணம் என்னவென்றால், டெலிபோன் நிலையத்திலிருந்து தூரம் போகப் போக அதன் வேகம் குன்றிக்கொண்டே வரும். நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீட்டுக்கு நொடிக்கு இரண்டு மூன்று மெகாபிட் வந்தால் பெரிது. தோட்டந்தோறும் தெருத்தோறும் பள்ளம் தோண்டிக் கண்ணாடி இழை பதிக்கப் பணமும் காலமும் வேண்டும். அதே கிராமத்தின் தலைக்கு மேலேயோ நாலாந் தலைமுறைக் கைப்பேசி அலை தாராளமாக வீசிக்கொண்டிருந்தது.

டாய்ச்சே டெலிகாம் என்னும் அந்நாட்டுப் பெரிய கம்பெனி 2015-இல் ஒரு திட்டத்தை நாடெங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்கு ஒரு ரௌட்டர். அதன் ஒரு கை செப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும், மறு கை கைப்பேசி அலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். கம்பெனியின் நிலையத்தில் இரண்டாவது குமாஸ்தாவாக இன்னொரு யந்திரம். கார்டுகளை மாற்றி மாற்றிக் கொடுக்காமல், முதலில் செப்புக் கம்பியை நிரப்புவது, அது வழிந்தால் மட்டும் மீதியை அலையில் விடுவது என்று ஏற்பாடு செய்தார்கள். ஏனெனில், செப்புக் கம்பி அந்த வீட்டுக்கே சொந்தம். அலையோ ஊர்ப் பொது. இந்த முறையின் விதிகள் 2017-இல் பகிரங்கமாக வெளியிடப்பட்டிருக்கின்றன. எந்த நாட்டாரும் படித்துப் பார்க்கலாம்.

இதில் ஒரு சங்கடம் இல்லாமற் போகவில்லை. இரண்டு தபால்காரர்களில் ஒருவர் சைக்கிளிலும் மற்றவர் மாட்டு வண்டியிலும் வந்தால் என்ன ஆகும்? உதாரணமாக, ஒரு வழியில் கார்டு வந்து சேர ஒரு நொடியில் ஆயிரத்தில் 20 பங்கும், மற்ற வழியில் 60 பங்கும் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். 100 மெகாபிட் வேகத்தில் ஓடும்போது, அந்த 40 பங்கு வித்தியாசத்துக்குள் முன்னூற்றுக்கு மேற்பட்ட கார்டுகள் சைக்கிளில் வந்து குவிந்துவிடும். வண்டியில் வரவேண்டிய ஒன்றுக்காக அவை அத்தனையும் திண்ணையில் காத்திருக்க வேண்டும். காக்க வைக்காமல் வந்தது வந்தபடியே உள்ளே அனுப்பினாலோ, டி.சி.பி.க்குச் சந்தேகம் வந்துவிடும். இடையில் ஒன்று வராமலே பின்னால் மூன்று வந்துவிட்டால், அந்த ஒன்று தொலைந்துபோயிற்று என்று தீர்மானித்து, கையை மெதுவாக்கிக்கொள்வது அதன் சுபாவம். ஆகையால், நல்ல கம்பி ஒன்றோடு மிக மோசமான கம்பி ஒன்றைப் பிணைத்தால், கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துபோவதும் உண்டு. திருவிழாவில் தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு வடத்துக்காரர்கள் இழுக்கும்போது மற்ற வடத்துக்காரர்கள் இளைப்பாறினால் தேர் முன்னே போகாது, கோணிக்கொள்ளும்.

இதற்கு வேறொரு வழியும் தேடினார்கள். பெல்ஜியத்தில் லூவேன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒலிவியே போனவாந்தூரும், லண்டனில் மார்க் ஹாண்ட்லி முதலியோரும் சேர்ந்து, டி.சி.பி.யையே திருத்தி எழுதினார்கள். ஒரே சம்பாஷணைக்கு இரண்டு மூன்று விலாசங்கள் இருக்கலாம் என்று எதிர்முனைக்கு முதலிலேயே சொல்லிவிடுவது இந்தத் திருத்தத்தின் சாரம். மல்டிபாத் டி.சி.பி. என்னும் பெயரில் அது 2013-ஆம் வருஷம் ஜனவரியில் வெளியாயிற்று. அதே வருஷம் ஆப்பிள் கம்பெனி, தன் கைப்பேசியில் பேசிக் கேட்டால் பதில் சொல்லும் 'ஸிரி'க்கு அதை வைத்துக்கொண்டது. வீட்டு வைஃபை எட்டாத தூரத்துக்கு நீங்கள் நடந்துபோனாலும், கேட்ட கேள்வி பாதியில் அறுந்துவிடாமல் கைப்பேசி அலைக்கு மாறிக்கொள்ளும். 2015-இல் கொரியா டெலிகாம் இதையே வேகத்துக்காக உபயோகித்தது. அலையின் 300 மெகாபிட்டையும் வைஃபையின் 867 மெகாபிட்டையும் சேர்த்து, 1.17 கிகாபிட் என்று விளம்பரம் செய்தார்கள். கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஏட்டுச் சுரைக்காய் அளவுகள். தெருவில் நிற்பவனுடைய கைப்பேசிக்கு அவ்வளவும் ஒருசேரக் கிடைப்பது அபூர்வம்.

நமது வீட்டுக்கு

நமது ஊர்களில் இரண்டு வேறு வேறு கம்பெனிகளின் கம்பிகளை ஒருவர் பிணைக்க விரும்பினால், இரண்டுக்கும் பொதுவான மூன்றாம் இடத்தில் குமாஸ்தாவை உட்கார வைக்க வேண்டும். மாத வாடகைக்குக் கிடைக்கும் ஸர்வர் ஒன்றைத் தூரத்து ஊர் ஒன்றில் எடுத்து, வீட்டு ரௌட்டரையும் அதையும் இணைத்துக்கொள்வதுதான் வழி. இதற்கு வேண்டிய செயலி இலவசமாகவே கிடைக்கிறது. மல்டிபாத் டி.சி.பி. 2020-ஆம் வருஷம் முதல் லினக்ஸ் மூலப் பிரதியிலேயே சேர்ந்துவிட்டது. கணினிப் பயிற்சியுள்ள இளைஞர்கள் ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து முடிக்கிறார்கள்.

செய்த பிறகு சில விஷயங்களைச் சகித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கார்டும் நேர் வழியில் போகாமல் அந்த ஸர்வர் வழியே சுற்றிக்கொண்டு போகும். ஸர்வர் சிங்கப்பூரில் இருந்தால், அடுத்த தெருவிலுள்ள பாங்கிக்குப் போகிற கார்டும் சிங்கப்பூரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரும். சினிமா காட்டும் கம்பெனிகள் சில, வாடகை ஸர்வர் விலாசத்தைக் கண்டதும் படம் காட்ட மறுத்துவிடும். ஸர்வர் நின்றால் இரண்டு கம்பியும் நின்ற மாதிரிதான். ஒரு சங்கிலியில் ஒரு புதிய கண்ணியைச் சேர்த்துவிட்டோமல்லவா? எல்லாவற்றுக்கும் மேலாக, பிணைத்தலினால் தாமதம் குறையாது. சுவரில் இரண்டு குழாய் வைத்தால் தொட்டி சீக்கிரம் நிரம்பும். ஏரி அருகில் வந்துவிடாது. எதிர்முனையில் பேசுகிறவரின் குரல் சற்றுப் பின்தங்கிக் கேட்கிறது என்பது உங்கள் குறையானால், இரண்டாவது கம்பி அதற்கு மருந்தன்று.

அப்படியானால் யாருக்கு இது வேண்டும்? ஒரு கம்பியில் ஐந்து அல்லது பத்து மெகாபிட்டுக்கு மேல் கிடைக்காத ஊரிலிருந்து பெரிய படங்களை ஏற்றி அனுப்பிப் பிழைக்கிறவருக்கு வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து நேரடி ஒளிபரப்புச் செய்கிறவருக்கு வேண்டும். அவர்கள் நாலைந்து கைப்பேசிச் சீட்டுகளை ஒன்றாகப் பிணைத்துத்தான் அனுப்புகிறார்கள். பட்டணத்தில் 100 மெகாபிட் வரும் வீட்டுக்கு, அதே கம்பெனியிடம் மேற்கொண்டு சிறு தொகை கொடுத்து 200 மெகாபிட் திட்டத்துக்கு மாறிக்கொள்வது, பிணைத்தலைவிட மலிவு, சுலபம். எமது அபிப்பிராயத்தில், வேகத்துக்காக இரண்டாவது கம்பி வாங்கவேண்டிய குடும்பங்கள் வெகு சில. அறுந்து போகாமல் இருப்பதற்காக வாங்கவேண்டியவை பல.

இரண்டும் ஒரே கம்பத்தில்

அறுந்து போகாமை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இது வேகக் கணக்கைவிட உற்சாகமளிப்பது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஒரு கம்பி நூற்றில் ஒரு பங்கு நேரம் வேலை செய்யவில்லையென்றால், வருஷத்தில் ஏறக்குறைய 88 மணி நேரம் வீடு இருட்டு. அதே தரத்தில் இன்னொரு கம்பி வாங்கினால், இரண்டும் ஒரே சமயத்தில் படுத்துவிடும் நேரம் நூற்றில் ஒரு பங்கினுள் நூற்றில் ஒரு பங்கு. அதாவது வருஷம் முழுவதிலும் 53 நிமிஷம்! 88 மணி நேரத்தை 53 நிமிஷமாக்குவதற்கு மூன்றாந்தரக் கம்பிகள் இரண்டு போதும். இணையத்துக்கு முன்னோடியான ஆராய்ச்சி செய்த பால் பாரன் என்பவர், 1964-இல் அமெரிக்காவில் வெளியிட்ட அறிக்கைகளில் இதைத்தான் காட்டினார். விலையுயர்ந்த உறுதியான கம்பி ஒன்றைவிட, ஒவ்வொரு நிலையத்துக்கும் சாதாரணக் கம்பிகள் மூன்று நான்கு இருந்தால் வலை அறுபடாது என்றார்.

ஆனால் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒன்று அறுவதற்கும் மற்றொன்று அறுவதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2008-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி உலகம் கண்டது. ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைத்த ஸீ-மி-வி 4, ஃப்ளாக் என்னும் இரண்டு பெரிய கடலடிக் கம்பிகள் எகிப்து தேசத்தின் அலெக்ஸாந்திரியாத் துறைமுகத்துக்கு அருகே ஒரே நாளில் அறுந்தன. இரண்டும் வேறு வேறு கம்பெனிகளுடையவை. வேறு வேறு பணம் போட்டு இழுத்தவை. ஆனால் கிடந்தது ஒரே கடற்பரப்பில். சென்னைக் கரையிலும் ஏறும் ஸீ-மி-வி 4 அறுந்ததனால், இந்தியாவிலிருந்து மேற்கே போகும் போக்குவரத்துப் பெரிதும் குன்றிற்று. கிழக்கே சிங்கப்பூர் வழியாகப் பசிபிக் சமுத்திரத்தைச் சுற்றிக்கொண்டு அமெரிக்காவை எட்டவேண்டியதாயிற்று. கிழக்கு வழி என்று ஒன்று தனியாக இருந்ததே அன்று தேசத்தைக் காப்பாற்றியது.

அலெக்ஸாந்திரியாவில் நடந்தது உங்கள் தெருமுனையிலும் நடக்கக்கூடும். வெளியே போய் நிமிர்ந்து பாருங்கள். இரண்டு கம்பெனிகளின் இழைகளும் ஒரே மின்சாரக் கம்பத்தில் கட்டப்பட்டு, ஒரே வேப்ப மரக் கிளையின் ஊடே நுழைந்து, ஒரே சன்னல் ஓட்டை வழியாக வீட்டுக்குள் வருகின்றனவா? அப்படியானால் உங்களுக்கு இருப்பது இரண்டு கம்பியல்ல. ஒரே கம்பிக்கு இரண்டு பில். ஒரு லாரி உரசினாலும் ஒரு குரங்கு தொங்கினாலும் இரண்டும் போய்விடும். சில தெருக்களில் இரண்டு கம்பெனிகளுக்கும் வேலை பார்ப்பவர் ஒரே கேபிள்காரராகவும் இருப்பார். அவர் ஊருக்குப் போயிருந்தால் இரண்டும் காத்திருக்கும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி 'வர்தா' புயல் சென்னையைக் கடந்தபோது, விழுந்த மரங்கள் எந்தக் கம்பெனியின் கம்பி என்று பார்த்து விழவில்லை.

ஆகவே, ஒன்று தரை வழியாக வந்தால் மற்றொன்று ஆகாய வழியாக வருவது நல்லது. 2023-ஆம் வருஷம் முதல் ஏர்டெல், ஜியோ ஆகிய கம்பெனிகள் ஐந்தாந் தலைமுறை அலையைக் கொண்டு, கம்பியில்லாமலே வீட்டுக்கு இணைப்புக் கொடுத்து வருகின்றன. மாடியில் ஒரு சிறு பெட்டி, அவ்வளவுதான். முதல் கம்பி ஒரு கம்பெனியுடையதானால் இந்த அலை வேறொரு கம்பெனியுடையதாக இருக்கட்டும். இத்தனைக்கும் செலவு செய்ய மனமில்லாதவர்கள், கைப்பேசியையே இரண்டாவது இணைப்பாக வைத்துக்கொள்ளலாம். பரீட்சையையும் பேட்டியையும் அது தாங்கிவிடும். கணினி தானாகப் பெரிய புதுப்பிப்பு எதையாவது இறக்கத் தொடங்கி அன்றைய அளவைக் குடித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தை மறந்துவிட்டு இணையத்தை இரட்டிப்பவர்களும் இருக்கிறார்கள். கம்பி பத்து இருந்தாலும், ரௌட்டர் அணைந்தால் எல்லாம் அணைந்தது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டிலும், மின்சாரம் போய் அது எடுத்துக்கொள்ளும் அந்தக் கணப்பொழுதில் ரௌட்டர் அணைந்து மறுபடி உயிர்பெற இரண்டு மூன்று நிமிஷம் ஆகிவிடும். பன்னிரண்டு வோல்ட்டு ரௌட்டருக்கென்றே உள்ளங்கை அகலத்தில் பாட்டரிப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டாவது கம்பிக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் இதற்குக் கொடுங்கள் என்று சொல்லத் தயங்கமாட்டோம்.

ரௌட்டரின் ஏற்பாட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. சில ரௌட்டர்கள், கம்பியில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடும். வீட்டிலிருந்து தெருமுனை வரையில் கம்பி நன்றாக இருந்து, அதற்கப்பால் அறுந்திருந்தால் அவற்றுக்குத் தெரியாது. செத்த கம்பியிலேயே கார்டுகளைப் போட்டுக்கொண்டிருக்கும். வெளியுலகில் இரண்டு மூன்று விலாசங்களுக்கு அடிக்கடி குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று சோதிக்கும்படி அமைத்துவிட வேண்டும். ஒரே விலாசத்தை நம்பினால், அந்த விலாசத்தார் தூங்கும்போது நம் கம்பி அறுந்ததாக அது எண்ணிக்கொள்ளும். முதல் கம்பி பிழைத்துக்கொண்டதும் உடனே அதற்குத் தாவாமல் சில நிமிஷம் பொறுத்துத் திரும்பும்படியும் வைக்க வேண்டும். புதிதாக ஒட்டின கம்பி இரண்டொரு தரம் விட்டுவிட்டு வருவது வழக்கம்.

இவ்வளவும் செய்த பிறகு, அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், வெளியூரிலிருக்கும் மகனையோ மகளையோ முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் கூப்பிடுங்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே முதல் கம்பியின் மோடத்திலிருந்து ரௌட்டருக்கு வரும் வடத்தைப் பிடுங்கிவிடுங்கள். சுவரிலிருந்து வரும் கண்ணாடி இழையைத் தொடவேண்டாம், அது மடங்கினால் கெட்டுப்போகும். கடிகாரத்தைப் பாருங்கள். பிணைத்த வீடானால் பேச்சு நிற்காது. பங்கிட்ட வீடானால் படம் உறைந்து நின்று, சில நொடிகளிலிருந்து அரை நிமிஷத்துக்குள் மறு விலாசத்தில் உயிர்பெறும். ஒரு நிமிஷம் கடந்தும் வராவிட்டால், ரௌட்டரின் ஏற்பாட்டை மறுபடி திறந்து, சோதனைக்குரிய விலாசங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.